'டர்ன் அப்' வெறும் வருகை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் சென்ற வாரம் 'டர்ன் அப்' என்னும் தொடருக்கு 'வந்து சேர்தல்' என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. அது தவறன்று, ஆயினும் அதை மட்டும் நம்பி எழுதுகிறவர் சங்கடப்பட நேரும்.

என் பேத்தி தன் பள்ளி ஆண்டு விழா அறிக்கையில், சிறப்பு விருந்தினர் காலை 10 மணிக்கு 'டர்ன்ட் அப்' என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. இருந்தும் அவளுடைய ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'அரைவ்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் செய்ததே சரி. வருவாரோ மாட்டாரோ என்ற ஐயம், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாரே என்ற வியப்பு, இவ்வளவு நேரம் கழித்தா வருவது என்ற சலிப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் அந்தத் தொடரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நாமே அழைப்பிதழ் கொடுத்து, மாலையும் கையுமாக வாசலில் காத்திருந்து வரவேற்ற ஒருவரை, '10 மணிக்கு வந்து நின்றார்' என்று தமிழில் எழுதுவோமா? அந்த 'வந்து நிற்றல்'தான் 'டர்ன் அப்' என்பதற்கு நெருங்கிய தமிழ் என்பது என் கருத்து. எதிர்மறையில் வரும்போது 'தலைகாட்டவில்லை' என்பது இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். சொல்லாமல் விடுப்பெடுத்தவர்களைப் பற்றி 'டிட் நாட் டர்ன் அப்' என்று கோப்புகளில் முப்பது ஆண்டுகள் குறிப்பெழுதியவன் நான். (அப்படி எழுதப்பட்டவர்களில் நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன்.)

தொலைத்துவிட்டுத் தேடிய சாவி, தேடுவதை நிறுத்திய பிறகு சட்டைப் பையிலிருந்தே அகப்படுகிறதே, அதற்கும் இதே தொடர்தான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 'ரீச்' என்ற சொல்லுக்குப் பின் இடத்தின் பெயரை நேரடியாக எழுதிப் பழகிய நாம், அதே பழக்கத்தில் 'டர்ன்ட் அப் த ஆபீஸ்' என்று எழுதிவிடுகிறோம். இடத்துக்கு முன் 'அட்' வேண்டும். நேர்காணல், கூட்டம் போன்றவற்றுக்கு 'ஃபார்' வரும். இடையில் ஒன்றும் இல்லாமல் 'டர்ன்ட் அப் த ரேடியோ' என்றால், வானொலியின் ஒலியைக் கூட்டினார் என்று பொருளே மாறிவிடும்.

இனி இத்தகைய தொடர்களை வெளியிடும்போது, பொருளுக்குக் கீழே யாரிடம், எந்த இடத்தில் அதைச் சொல்லலாகாது என்று ஒரு வரியும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
கும்பகோணம்.