கல்கத்தாவில் என்னத்தடி இருக்கு?

அன்புள்ள ராஜி,

நான் நலம். உன் முட்டி ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாகியும் ஒரு போன் போடாதவள் இப்போது கடிதம் எழுதுகிறாளாக்கும் என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பது இங்கிருந்தே தெரிகிறது. திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். விஷயம் வேறு. நான் கல்கத்தா போய்விட்டு வந்தேன், தனியாக.

உன் பிள்ளை கார்த்திக் அங்கே வேலைக்குப் போய் எட்டு மாதமாகிறது. "அந்த அழுக்கு ஊர்ல என்னத்தடி இருக்கு, கூட்டம்தானே, அதை ரங்கநாதன் தெருவுலயே பாத்துக்கறேன்" என்று நீ சொன்னாயே, அப்போது நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதல் நாள் மட்டும் நீ சொன்னபடியேதான் இருந்தது. ஒரே நாளில் ஒன்பது இடம் காட்டுகிறோம் என்று ஒரு டிராவல்ஸ்காரர் வேனில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை. விக்டோரியா நினைவு மண்டபத்தின் உள்ளே திங்கட்கிழமை விடுமுறை, இந்தியன் மியூசியமும் விடுமுறை. பணம் வாங்கும்போது அந்த மனிதருக்கு இது தெரியாதாம்! வெளியே நின்று போட்டோ எடுங்கள், இருபது நிமிஷம் என்றார். மைசூர் மிருகக்காட்சி சாலையில் சுண்டல் டீச்சர் நம்மை வரிசையில் ஓட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்துவிட்டது. போங்கய்யா என்று மத்தியானத்தோடு இறங்கிவிட்டேன்.

இறங்கின பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். படித்துறையில் எல்லாரும் டிக்கெட் வாங்கினார்கள், நானும் வாங்கினேன், பத்து ரூபாய்கூட இல்லை. ஆபீஸ் போகிறவர்கள், மீன் கூடைக்காரி, சைக்கிளோடு ஒரு பையன், நான், எல்லாரும் ஒரே படகில் ஹூக்ளியைக் கடந்தோம். ஹவுரா பாலம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. 1943-ல் திறந்த பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது, அத்தனை இரும்பும் அந்தரத்தில் நிற்கிறது. இப்போது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது, 2024-ல் ஆரம்பித்தார்கள். மறுநாள் அதிலும் போனேன், முக்கால் நிமிஷத்தில் ஆறு முடிந்துவிடுகிறது. படகுதான் சரி. பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூ மார்க்கெட், செவ்வந்தியை மலைப்பாம்பு மாதிரி சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஒதுங்காவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். என்னைச் சுற்றுலா வந்தவளாக யாரும் மதிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது ராஜி.

இதைச் சரியாகச் சொல்ல வருகிறதா பார். கொடைக்கானலோ மைசூரோ போனால் ஊரே நமக்காகக் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஊர் அப்படியில்லை, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் ஓரமாக ஏறிக்கொள்ளலாம். அவர் போன பிறகு நான் எங்கே போனாலும் "தனியாவா வந்தீங்க?" என்ற கேள்வி முதலில் வரும், அப்புறம் அந்த ஒரு மாதிரிப் பார்வை. போன வருஷம் ராமேஸ்வரத்தில் லாட்ஜ்காரர் கேட்ட கேள்விகளுக்கு நான் ரூமுக்குப் போய் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேலே உயரமான கூரை, சுற்றிலும் தொண்டை கிழிய விவாதம், தலைப்பாகை கட்டின சர்வர் எழுந்திரு என்ற மாதிரி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. (காபி மட்டும் மகா மோசம். பால் இல்லாமல் இன்ஃப்யூஷன் என்று ஒன்று தருகிறார்கள், உன் மாமியாரின் மூன்றாம் டிகாக்‌ஷன் தேவாமிர்தம்.)

காபி ஹவுஸுக்கு டிராமில்தான் போனேன். எஸ்பிளனேடில் ஏறினேன். மாட்டு வண்டி வேகம், உள்ளே மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் பழைய புத்தகம் எடுக்கலாம் போல அத்தனை நெருக்கத்தில் கடைகள். உன் தாத்தா பாரீஸ் கார்னரில் ஓடுகிற டிராமில் தொற்றி ஏறின கதையை நூறு தடவை சொல்லுவாரே, நாம் வாய்க்குள் சிரிப்போமே, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. உனக்குத் தெரியுமா, கல்கத்தாவில் குதிரை இழுத்த டிராம் 1873-லேயே வந்துவிட்டது, ஆனால் மின்சார டிராம் 1902-ல்தான். நம் மெட்ராஸில் 1895-லேயே மின்சார டிராம், இந்தியாவிலேயே முதலில். 1953-ல் மூடிவிட்டோம், தண்டவாளம்கூட மிச்சமில்லை. அவர்களும் இப்போது அந்த வழிக்கே வருகிறார்கள். எஸ்பிளனேடிலிருந்து மைதானம் என்கிற பெரிய புல்வெளிக்குப் போகிற தடத்தை மட்டும் வேடிக்கைக்கு வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. டிராமால் போக்குவரத்து நெரிகிறதாம். வழக்கு, போராட்டம் எல்லாம் நடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிற டிராம் என்னைப் போன்றவர்களுக்காக ஓடும், காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவளுக்காக ஓடாது. அதில் ஏறி நான் என்ன பார்ப்பது, என்னையேவா?

சரி, உன் பிள்ளை. இளைக்கவில்லை, தொப்பை போட்டிருக்கிறான், மிஷ்டி தொய் என்கிற இனிப்புத் தயிரைத் தின்றே போட்டிருக்கிறான். லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கறிவேப்பிலை, வாழையிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கிறது, ஆகவே அந்தச் சாக்கும் உனக்கு இல்லை. பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு போடுகிறார்கள், உனக்காகவே பிறந்த ஊர். கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் பெட்டியை வைத்துவிட்டு, "அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்காதுன்னு தெரியும் சித்தி, அதான் கூப்பிடறதில்ல" என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மழை முடிந்து நவம்பரில் போகலாம். ஹவுரா மெயிலில் உனக்குக் கீழ் பெர்த் நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை போய் இறங்கக் கூடாது. டிராம் படி கொஞ்சம் உயரம், கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன். புளியோதரை உன் பொறுப்பு, போன தடவை மாதிரி உப்பை மறந்துவிடாதே.

உன்,
வசந்தா