கண்டி வீதியா, எட்டாம் வாய்க்காலா?

எட்டாம் வாய்க்கால்,
உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பின் சரோ,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணமில்லை. "வெள்ளவத்தையில் காது வெடிக்கிறது, இரவில் நித்திரையில்லை, அம்மாவின் வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாமா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போன வருசம் எட்டு மாதம் கிளிநொச்சி ரவுனில் மகளோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் சட்டென்று ஓம் என்று எழுத வரவில்லை.

நீ மனதில் வைத்திருக்கிற அமைதி இங்கே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விடியப்புறம் மயில் கத்தும். தோகையைப் பார்த்து அதன் குரலைக் கணக்குப் போட்டுவிடாதே. குரங்குகள் தகரக் கொட்டிலின் மேல் பாயும். அறுவடை நாட்களில் வெட்டு மெசின் இரவிலும் ஓடும், பன்றிக்கு வெடி கொளுத்துவார்கள். காலையில் பாண் ஓட்டோ அந்த ஒரே மெட்டை இழுத்துக்கொண்டு வரும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. எங்கள் கோயிலுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லைப் போலும். நான் முறைப்பாடு செய்யப் போவதில்லை, அந்த நேரத்தில் எழும்பித்தானே இருக்கிறேன்.

உண்மையான அமைதியை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சண்டை முடிந்து 2010இல் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த முதல் இரவு. கூரை இல்லை, தறப்பாளின் கீழே படுத்திருந்தோம். ஒரு சேவல் கூவவில்லை, ஒரு நாய் குரைக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை. அப்படி ஒரு அமைதி எனக்கு இனி வேண்டாம். அதற்குப் பிறகு அடுத்த வளவில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் தட்டும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை.

ரவுன் சத்தம் வேறு மாதிரி. மகளின் வீடு கண்டி வீதிக்கு, அதுதான் ஏ9 பாதைக்கு, முகம் பார்த்தபடி. இரவு ஒன்பது, பத்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்கள், விடியப்புறம் கொழும்பிலிருந்து வரும் பஸ்கள், இடையில் லொறிகளும் டிப்பர்களும். பக்கத்துக் கடைக்கு நாலு மணிக்கே சாமான் இறக்குவார்கள். 2006 ஆகஸ்டில் சண்டையில் பாதை மூடியபோது எப்படித் தவித்தோம் என்று நினைத்துத்தான் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன். பாதை திறந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம். ரயில் 2013 செப்டம்பரில் திரும்ப வந்தபோது கூவல் கேட்டு அழுதவர்கள் நாங்கள். இப்போது அதற்குக் கண்ணாடி அதிருகிறது என்று குறை சொல்கிறோம்!

பேரன் போனில் ஏதோ போட்டு அளந்தான். வாசலில் பஸ் ஹோர்ன் அடித்தபோது எண்பது டெசிபலைத் தாண்டியது. போன் கணக்கை நான் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு அவன் வாசித்துச் சொன்னதுதான் வேடிக்கை. 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் ஊர்கள் குறைந்த சத்தப் பகுதிகள். பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. கிளிநொச்சி ரவுன் கரைச்சிப் பிரதேச சபைக்குள்தானே வருகிறது? கடதாசியில் பார்த்தால் மகளும் நானும் ஒரே அமைதியில் குடியிருக்கிறோம். விதி எழுதியவர்கள் ஒரு இரவு மகள் வீட்டு முன் அறையில் படுத்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சத்தம் என்னை அங்கிருந்து கிளப்பவில்லை. இரண்டு மாதத்தில் காது பழகிவிட்டது. பழகாதது நடை. ஆஸ்பத்திரி, சந்தை, வங்கி, கந்தசுவாமி கோயில் எல்லாம் கிட்ட. கிட்ட என்றால் நடக்கலாம் என்று நீயும் நானும் நினைப்போம். எல்லாம் அந்த ஒரே பாதையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன, எதற்குப் போனாலும் பாதையைக் கடக்க வேண்டும். ஒருநாள் மஞ்சள் கடவையில் பாதித் தூரம் வந்துவிட்டேன், ஒரு வான் நின்றது, அதை முந்திக்கொண்டு பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. என் மரக்கறிப் பை மட்டும் போனது. அன்றிலிருந்து ஐந்நூறு யார் தூரத்துக்கும் ஓட்டோ பிடித்தேன். வெயிலும் அப்படித்தான், பத்து மணிக்குப் பிறகு தார் கொதிக்கிறது, ஒதுங்க ஒரு மரநிழல் தேட வேண்டும்.

சரி, இங்கே? நடக்க நல்ல இடம். வாய்க்கால் கரையால் காலையில் அரை மணித்தியாலம் நடக்கிறேன், ஹோர்ன் இல்லை, யாரும் இடிக்க மாட்டார்கள். ஆனால் அந்த நடையில் ஒரு இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. குடியேற்றத் திட்டக் காணிகள் எப்படி என்று உனக்குத் தெரியும்தானே, நீளம் நீளமாக வெட்டியது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் காற்று எங்கள் பக்கம் வீசினால்தான் கேட்கும். மாதம் ஒருமுறை கிளினிக். நம்பர் எடுக்க விடியவே போகவேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது, ஏ9இல் இருக்கிற கரடிப்போக்குச் சந்திக்குச் சைக்கிளில் போன காலமெல்லாம் போய்விட்டது. ஓட்டோக் காசு பென்சனைக் கடிக்கிறது. பொழுதுபட்ட பிறகு டோர்ச் இல்லாமல் படலைக்குக்கூடப் போவதில்லை, புடையன் பாம்புப் பயம்.

நீ வெள்ளவத்தையில் ஒரு கட்டு வல்லாரை வாங்க லிப்டில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கிறாய். பின்னேரம் மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி நடக்கிறாய். அதை நீ கணக்கில் எடுக்கவேயில்லை, சத்தத்தை மட்டும் எழுதியிருக்கிறாய். இங்கே வந்தால் சத்தம் குறையும், அந்த ஐந்து நிமிடமும் போகும். முழங்கால் இன்னும் பத்து வருசம் கேட்குமா என்று பார்.

ஆகவே அம்மாவின் வளவில் கட்டாதே. ஏ9க்கு முகம் பார்த்தும் வாங்காதே. ரவுனிலேயே உதயநகர், ஜெயந்திநகர் பக்கம் இரண்டு மூன்று ஒழுங்கை உள்ளே ஒரு துண்டுக் காணி பார். இடையில் நாலு வீடும் மாமரமும் நின்றால் பஸ் சத்தம் பாதியாய் விடும், அந்த ஒழுங்கைகளில் பிள்ளைகள் இன்னும் சைக்கிள் பழகுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பாதையைக் கடக்காமல் போகக்கூடிய பக்கமாக இருக்கவேண்டும். தரகர் இதைச் சொல்ல மாட்டான், நீயே நடந்து பார்.

பிறகு நீ ஏன் அங்கே போகவில்லை என்று கேட்பாய். கேட்காதே. பின்னேரம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாய்க்கால் கரையால் தேத்தண்ணிக்கு வருவாள், அவளை விட்டுவிட்டு நான் எங்கே போக?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, அப்போது இரண்டு இரவு மகள் வீட்டில், இரண்டு இரவு இங்கே படு. அதற்குமுன் உன் மகனிடம் காணி விற்கிற கதை ஒன்றும் எடுக்க வேண்டாம். இன்னொன்று, உன் வளவில் தெற்கு வேலி விழுந்து கிடக்கிறது, மாடுகள் தாராளமாகப் போய்வருகின்றன. ஆள் பிடித்துக் கட்டட்டுமா, எவ்வளவு காசுவரை போகலாம் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குக்காரி