ஊர் ஊராப் போய் கண்ணாடி ஊதுறவங்களுக்கு ராத்திரி கரண்ட் கேட்டு கோரிக்கை மனு

பெறுநர்: கைவினைத் தொழில் துறை இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

நான் டார்ச் தீயில கண்ணாடி ஊதி உருவம் செய்யுற கலைஞர். கண்காட்சி எங்க நடக்குதோ அங்க ஸ்டால் போட்டு, ஜனங்க கண் முன்னாடியே செஞ்சு வித்துத்தான் பொழப்பு ஓடுது. என்னை மாதிரி சுத்திட்டே இருக்கறவங்களுக்காகவும் சேர்த்துத்தான் இத எழுதறேன்.

முதல் பிரச்சனை ராத்திரி கரண்ட். நாங்க யூஸ் பண்றது போரோசிலிகேட் கண்ணாடி, லேப்ல பீக்கர் செய்யுற அதே வகை, 820 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாத்தான் இளகவே ஆரம்பிக்கும், ஊதி இழுத்து ஒட்டணும்னா இன்னும் நிறைய சூடு வேணும். ஒரு அன்னப்பறவை செய்யுறோம்னு வைங்க, உடம்பு ட்யூப்ல ஊதுனது, மெல்லிசு, கழுத்து ராடுல இழுத்தது, கெட்டி, ரெண்டும் ஒரே வேகத்துல ஆறாது, அதனால ஒட்டுன இடத்துல இறுக்கம் உள்ளயே தங்கிடும். அத எடுக்கத்தான் கில்ன்ல, அதாவது கரண்ட்ல சூடாகுற சின்ன சூளையில, 560 டிகிரி பக்கத்துல நிறுத்தி வச்சு மெதுவா ஆற விடறோம். பகல் பூரா கில்ன் சூடாவே இருக்கும், செய்யச் செய்ய உள்ள வச்சுட்டே வருவோம், ஸ்டால் மூடுன பிறகுதான் ஆற விடுற வேலையே ஆரம்பிக்குது.

ஆனா நான் போற பல கண்காட்சியில கேட் மூடுன உடனே மெயின ஆஃப் பண்ணிடறாங்க. எங்க கில்ன் தூக்கிட்டுப் போறதுக்கு ஏத்த சின்னது, சுவரும் மெல்லிசு, கரண்ட் போனா மளமளனு ஆறிடும். காலைல திறந்தா சிலது கழுத்துல விரிசல் விட்டிருக்கும். அதக்கூட தாங்கிக்கலாம், முழுசா இருக்கறதப் பாத்தாதான் எனக்குப் பயமே. ஒரு திசை வெளிச்சத்த மட்டும் விடுற போலராய்டு ஷீட் ரெண்ட குறுக்கா வச்சு நடுவுல பொம்மையப் பிடிச்சா மத்த இடமெல்லாம் இருட்டா இருக்க, ஒட்டுன இடம் மட்டும் பளிச்சுனு வெளுப்பாத் தெரியும், அதுதான் இறுக்கம். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வாங்கிட்டுப் போனவங்க வீட்டு அலமாரியில என்னைக்கோ ஒரு நாள் யாரும் தொடாமலே உடையலாம். தெரிஞ்சே அப்படி ஒண்ண ஒரு குழந்தை கையில குடுக்க எனக்கு மனசு வராது, ஒதுக்கி வச்சா அன்னிக்கு உழைப்பு பூரா வீண்.

அதனால ஸ்டால் ஒதுக்கும்போதே எங்களுக்கு ராத்திரியும் ஆஃப் பண்ணாத ஒரு தனி லைன் குடுக்கச் சொல்லி உத்தரவு போடணும். தனி மீட்டர் வைங்க, பில்ல நாங்களே கட்டிடறோம். கில்ன் பக்கத்துல ஒரு ஆள் ராத்திரி தங்கவும் அனுமதி வேணும்.

அடுத்தது தீயணைப்பு அனுமதி. சோதனையே வேண்டாம்னு நாங்க சொல்லல, கேஸும் ஆக்சிஜனும் வச்சு வேலை பாக்கறவங்களுக்கு அதோட அருமை நல்லாவே தெரியும். சிலிண்டர நிமிர்த்தி சங்கிலி போட்டுக் கட்டறது, தீ ஹோஸ் வழியா திரும்பிப் போகாம தடுக்கற வால்வு, ஆக்சிஜன் ரெகுலேட்டர்ல ஒரு துளி எண்ணெய் கூட படாம பாத்துக்கறது, எல்லாம் பழகுன விஷயம். ஆனா ஒரு இடத்துல சிலிண்டர் ஸ்டாலுக்கு வெளிய இருக்கணும்ங்கறாங்க, அடுத்த இடத்துல வெளிய வைக்கவே கூடாதுங்கறாங்க, இது முடிவாகறதுக்குள்ள கண்காட்சியில பாதி நாள் போயிடுது. வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா சோதிச்சு எல்லா இடத்துக்கும் செல்லுற மாதிரி ஒரே சான்று குடுங்க, அந்தந்த இடத்துல லீக் இருக்கா, ஜனங்க நிக்கற தூரம் சரியானு மட்டும் பாத்தாப் போதும்.

கைவினைஞர் அட்டை விஷயமும் இருக்கு. ஃபார்ம்ல நிரந்தரப் பட்டறை முகவரி, உலை விவரம் கேக்கறாங்க. உலையில உருக்குன கண்ணாடிய எடுத்து ஊதற வேலை வேற, ட்யூபயும் ராடயும் டார்ச் தீயில இளக்கிச் செய்யுற எங்க வேலை வேற. கண்ணாடிக் கலைஞர் லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்ஃபும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1887-ல ஆரம்பிச்சு, அப்பா போன பிறகும் மகன் விடாம 1936 வரைக்கும் செஞ்ச கண்ணாடிப் பூவெல்லாம் மேஜை மேல வச்ச தீயில உருவானதுதான். உலை இல்லைங்கற ஒரே காரணத்துக்காக எங்க மனுவ தள்ளாதீங்க, நடமாடும் கலைஞர்னு ஒரு கட்டம் சேருங்க.

இதுல மத்தது மெதுவா நடந்தாலும் பரவால்ல, ராத்திரி லைனுக்கு மட்டும் அடுத்த சீசன் ஸ்டால் ஒதுக்கறதுக்கு முன்னாடி எல்லா கண்காட்சி நிர்வாகத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கனு பணிவோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடமாடும் கண்ணாடி ஊதும் கலைஞர்