ஓய்வுபெற்ற ஜெயிலருக்கு ஒரு வேலை

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி பிறந்த சேதிக்கு ஒரு வரி வாழ்த்து அனுப்பியதோடு நான் அடங்கிவிட்டேன் என்று வசந்தா கோபமாக இருப்பதாகப் பெரியசாமி சொன்னான். நியாயமான கோபம். ஊருக்கு வரும்போது நேரிலேயே திட்டு வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். லதாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் வேலை மாறி சியாட்டில் போய்விட்டான். முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறாயாமே? ஆயிரம் கைதிகளைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு டாக்டரைப் பார்த்துப் பயமா? பேசாமல் செய்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் உன் முதல் போஸ்டிங்கில் ஒரு தலைமைக் காவலர் இருந்தாரே, அந்த வெற்றிலைக்காரர், அவர் சொன்ன ஒரு வார்த்தையால் போன மாதம் கலிபோர்னியாவில் ஒருவன் உயிர் பிழைத்திருக்கிறான். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கம்யூனிட்டி காலேஜில் நீதி நிர்வாகத் துறைப் பிள்ளைகளுக்கு நான் ரிப்போர்ட் எழுதச் சொல்லிக்கொடுப்பது உனக்குத் தெரியும். “வார்டர் வேலைக்கு எதற்கடா காலேஜ்?” என்று போனில் சிரித்தாய். இங்கே மாநிலச் சிறையில் சேரப் பள்ளிப் படிப்பு போதும், ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டில் பள்ளி முடித்தவன் அதுவரை என்ன செய்வான்? எங்களிடம் வருகிறான். பாடத்தின் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் கட்டணம், வசதி இல்லாதவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. 60 யூனிட் முடித்தால் இரண்டு வருஷப் பட்டம். குற்றவியல் சட்டம், சிறை நிர்வாகம் எல்லாம் படிக்கிறார்கள். கைது செய்யவும் துப்பாக்கி பிடிக்கவும் ஓர் அடிப்படைப் பயிற்சி உண்டு. தண்டனைச் சட்டத்தின் 832ஆம் பிரிவில் வருவதால் “832 முடித்துவிட்டாயா?” என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மாநில வேலை கிடைத்தால் இங்கிருந்து தெற்கே கால்ட் என்ற ஊரில் அகாடமி, 13 வாரம், சம்பளத்தோடு. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயில் என்றால் அதற்குத் தனிப் பயிற்சி.

என் வகுப்பைப் பார்த்தால் உனக்குப் பிடிக்கும். கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் பெண், ராணுவத்திலிருந்து வந்தவர், மீசை அரும்பாத பையன்கள். அண்ணன் உள்ளே இருப்பதாலேயே இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்ணும் ஒருத்தி இருக்கிறாள். வரும்போது பாதிப் பேருக்கு மனசில் இருப்பது சீருடையும் மல்யுத்தமும்தான். நான் முதல் நாளே பேனாவை எடுக்கச் சொல்வேன்.

நானும் இன்னொரு ஆசிரியரும் வகுப்பில் இரண்டு நிமிஷம் சண்டை போட்டு நடிப்போம். பார்த்ததை எழுதச் சொல்வேன். “அவர் ஆத்திரமாக இருந்தார்” என்று எழுதுவார்கள். ஆத்திரம் என்று எப்படித் தெரிந்தது? முஷ்டியை மடக்கினாரா, குரல் உயர்ந்ததா, நாற்காலியைத் தள்ளினாரா? அதை எழுது, என்பேன். அந்தத் தாளை முதலில் சார்ஜென்ட் படிப்பார். அப்புறம் அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், நீதிபதி. சில சமயம், செத்துப்போனவனின் அம்மா.

கேம்பிள் வழக்கையும் படிக்க வைக்கிறேன். டெக்சாஸ் சிறையில் 600 பவுண்டு பருத்திப் பொதி மேலே விழுந்து முதுகு போனவர் அவர். வக்கீல் இல்லாமல் தானே கையால் எழுதிப் போட்ட மனு அது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியல் சட்டம் தடுத்த கொடுமை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் அதில்தான் சொன்னது. கலிபோர்னியாவின் கதை இன்னும் மோசம். ஏறக்குறைய 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் 1,56,000 பேரை அடைத்து வைத்திருந்தார்கள். ஆறேழு நாளுக்கு ஒருவர் வீணாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதைச் சொல்லும்போது அந்த வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது.

இப்போது அந்தப் பையன் கதை. லோடி பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பம். எங்களிடம் படித்து முடித்து ஒரு கவுண்டி ஜெயிலில் சேர்ந்தான். அங்கே பெரும்பாலும் விசாரணைக் கைதிகள், உன் புழல் 2 சிறை மாதிரி. ஒவ்வொருவரையும் மணிக்கு ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவன் அப்படிப்பட்டவன் இல்லை. சுற்றி வரும் நேரத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வான், உள்ளே இருப்பவர்கள் மணி பார்த்துக் கணக்குப் போடக் கூடாது என்று.

அன்று சாயங்காலம் ஒரு கைதி தன்னிடமிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டுகளை எல்லாம் பக்கத்து செல்காரனுக்குக் கொடுத்துவிட்டான். இங்கே ஜெயிலில் நூடுல்ஸ்தான் காசு. அதை வைத்துத்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டும் தொடாமல் திரும்பி வந்தது. பையனுக்கு அப்போது உன் வெற்றிலைக்காரர் ஞாபகம் வந்திருக்கிறது. “ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னால தட்டைப் பாரு, சாப்பிடாதவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாம தாண்டாதே.” நீ அந்தக் காலத்தில் எனக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது. ஒவ்வொரு செமஸ்டரும் அதை வகுப்பில் சொல்கிறேன். தென்னிந்தியாவில் என் நண்பன் ஒரு ஜெயிலர், அவனுக்கு ஒரு தலைமைக் காவலர் சொன்னது, என்று.

பையன் நின்று பேச்சுக் கொடுத்தான். கைதி முகம் கொடுக்கவில்லை. மேலே சொல்லி மனநல நர்ஸை வரவழைக்கக் கேட்டான், காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சரி என்று விடாமல், அடுத்த சுற்றுக்கு நேரம் இருந்தும் கால் மணி நேரத்திலேயே திரும்பிப் போனான். போனதால்தான் அந்த ஆள் இன்று இருக்கிறான். கண்டதை விவரிக்க வேண்டாம், நீ எத்தனை பார்த்திருப்பாய். தூக்கிப் பிடித்து, அறுத்து இறக்கி, மூச்சு வரவைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் கவுண்டி ஜெயில்களில் பல வருஷக் கணக்கெடுப்புகளில் சாவுக்கு முதல் காரணம் தற்கொலைதான், சுந்தரம். பாடமாக நடத்தும்போது அது ஒரு வரி. இவன் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

அவன் எழுதிய ரிப்போர்ட்டை நான் பார்க்க முடியாது. ஆனால் என்ன எழுதினான் என்று சொன்னான். நூடுல்ஸ் பாக்கெட், தட்டு, தான் கேட்ட கேள்வி, கிடைத்த பதில், நர்ஸைக் கேட்ட நேரம், எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கோடு. “இதெல்லாம் எதுக்கு, சுருக்கமா எழுது” என்று மூத்தவர் ஒருவர் சொன்னாராம். மாற்றவில்லை. என் மாணவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கிளம்பியவனை, ஆள் இல்லை என்று அடுத்த ஷிஃப்டிலும் நிறுத்திவிட்டார்கள். அதே பிளாக்கில், அதே செல்லைத் தாண்டித் தாண்டி இன்னும் எட்டு மணி நேரம். கட்டாய ஓவர்டைம் இங்கே அன்றாட நடைமுறை. ஆள் பற்றாக்குறையால் இருப்பவர்களைப் பிழிகிறார்கள், அதனாலேயே அவர்களும் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நியூயார்க்கில் 2025 பிப்ரவரியில் காவலர்கள் சங்கத்தின் அனுமதிகூட இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. தேசியக் காவல்படையைச் சிறைகளில் இறக்கினார்கள், வேலைக்குத் திரும்பாத இரண்டாயிரம் பேருக்கு மேல் நீக்கினார்கள். மிச்சமிருப்பவர்கள் கதி என்ன ஆகும் சொல்.

பையனுக்கு இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. கவுன்சலிங் போகச் சொல்லி நச்சரித்து ஒருவழியாக அனுப்பி வைத்திருக்கிறேன். உனக்கு அந்தக் கடலூர் சம்பவத்துக்கப்புறம் யார் இருந்தார்கள்? வசந்தாவைத் தவிர யாரும் இல்லை. இதையெல்லாம் எப்படித் தாங்கினாய் என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அவனை வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தேன். பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்டார்கள். அண்ணன் உள்ளே இருக்கிறான் என்றேனே, அந்தப் பெண் மார்சியைப் பற்றிக் கேட்டாள். நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். 2024 டிசம்பரில் நியூயார்க்கின் மார்சி சிறையில் ராபர்ட் புரூக்ஸ் என்ற 43 வயதுக்காரரை, கை விலங்கோடு மருத்துவ அறையில் வைத்துக் காவலர்கள் அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். சீருடைக் கேமராவை யாரும் இயக்கவில்லை, ஆனால் அது தானாகப் பதிவு செய்துகொண்டே இருந்தது. படம் மட்டும், சத்தம் கிடையாது. அந்தப் படம் இல்லாமல் காகிதம் மட்டும் இருந்திருந்தால்? பல பேர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. “அந்த அறையில் நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாயா?” என்றாள். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தடுத்திருக்கணும். அதுக்கு இப்பவே பழகிக்கணும்” என்றான். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. நான் வேறு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நார்வேயில் சிறை அதிகாரிக்கு இரண்டு வருஷப் படிப்பு, சம்பளத்தோடு. இங்கிருந்து அதிகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதே வழியில் முயற்சி செய்கிறார்கள். இங்கே சான் குவென்டின் சிறைக்கு 2023இல் மறுவாழ்வு மையம் என்று பெயர் மாற்றியதும் அதன் ஒரு பகுதிதான். நல்ல ஆரம்பம் என்று மனதார நினைக்கிறேன். ஆனால் 13 வாரத்தில் மனுஷனோடு பேசக் கற்றுக்கொடுக்க எத்தனை மணி நேரம் மிஞ்சும்? துப்பாக்கி, விலங்கு, மிளகு ஸ்பிரே எல்லாவற்றுக்கும் நேரம் போக மீதிதானே. அதனால்தான் எங்கள் இரண்டு வருஷத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். அகாடமி எடுத்துக்கொள்ள முடியாத நேரம் எங்களிடம் இருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது.

இதற்கு நீ வேண்டும். வேலூரில் பயிற்சியில் இருந்தபோது கேரளக்காரர்கள், ஆந்திரக்காரர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு எனக்கு எழுதினாயே, அந்தக் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புழலுக்கு மாறியபின் நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய். அந்தக் காலத்தைத்தான் எனக்கு எழுத வேண்டும். கைதி கோபத்தில் இருக்கும்போது என்ன பேசினாய், யார் பேச்சைக் கேட்டார்கள், யார் கேட்கவில்லை, எப்போது பேச்சு பலிக்காமல் போனது. சக காவலர் கை ஓங்கியபோது என்ன செய்தாய் என்பதையும் எழுது. அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். அழகாக எழுத வேண்டும் என்று கோபால் சார் வகுப்பு மாதிரி மெனக்கெடாதே. தமிழிலேயே எழுது, மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் புது செமஸ்டர் தொடங்குகிறது, அதற்குள் நாலைந்தாவது வேண்டும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது எழுத நேரம் தாராளமாகக் கிடைக்கும், அதனால் அதையும் சீக்கிரம் முடி. கையால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். வெற்றிலைக்காரர் பெயர் என்ன, இப்போது இருக்கிறாரா? இருந்தால் நீயே நேரில் போய் அவரிடம் இதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடமாவது சொல்.

வசந்தாவுக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராமு