நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் பெரிய மின் நிறுவனங்களைப் பற்றியும் அவை மின்சாரம் உற்பத்தி செய்யும் முறைகளைப் பற்றியும் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பொதுவாசகர் அதிகம் கவனிக்காத ஒரு துறையை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் நிறுவனங்களை வரிசைப்படுத்தக் கட்டுரையாளர் நிறுவுதிறன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறார். எல்லா இயந்திரங்களும் ஒருசேர முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறன்தான் நிறுவுதிறன். இத்தனை ஆயிரம் மெகாவாட் என்ற எண்ணை வைத்து இது பெரிய நிறுவனம், அது சிறிய நிறுவனம் என்று முடிவு கட்டுவது, மடியின் அளவைப் பார்த்தே பாலுக்குக் கணக்கு எழுதுவதைப் போன்றது. அனல் மின் நிலையம் ஒன்றின் இயக்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரையிலேயே குறிப்பிடப்பட்ட இரு நீர்மின் நிலையங்களை எடுத்துக்கொள்வோம். சீனாவின் யாங்சி ஆற்றிலுள்ள மூன்று பள்ளத்தாக்கு அணையின் நிறுவுதிறன் 22,500 மெகாவாட். பிரேசிலும் பராகுவேயும் பரானா ஆற்றில் கூட்டாக நடத்தும் இதைப்பு நிலையத்தின் நிறுவுதிறன் 14,000 மெகாவாட்தான். இரண்டிலும் முதன்மை டர்பைன்கள் 700 மெகாவாட் அளவுடையவை. அங்கே 32, இங்கே 20. அப்படியிருந்தும் 2016ஆம் ஆண்டில் இதைப்பு ஏறக்குறைய 10,310 கோடி யூனிட் உற்பத்தி செய்தது. மூன்று பள்ளத்தாக்கு தந்ததோ 9,350 கோடி யூனிட் அளவுதான். ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் இதைப்பு எண்பது சதவீதத்துக்கும் மேல் எடுத்தது, மற்றது பாதியைக்கூடத் தொடவில்லை.

இதற்குக் காரணம் இயந்திரமும் அல்ல, அதை இயக்குபவர்களும் அல்ல. பரானா ஆற்றில் மேலே அடுக்கடுக்காக அணைகள் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஓரளவு சீரான நீர்வரத்து உண்டு. யாங்சியில் கோடையில் பெருவெள்ளம் வரும். அதைத் தாங்கிக்கொள்ள இடம் வைக்க வேண்டும் என்பதற்காக, வெள்ளக் காலம் தொடங்கும் முன்பே நீர்மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில்தான் அது மீண்டும் 175 மீட்டரை நோக்கி உயரும். வெள்ளத் தடுப்பு அந்த அணையின் முதல் வேலை, மின்சாரம் அதற்கு அடுத்தது. நல்ல மழை பெய்த 2020இல் அதே அணை 11,180 கோடி யூனிட் தந்து உலகச் சாதனை படைத்தது. இரண்டு ஆண்டுகளிலும் நிறுவுதிறன் ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அணுமின் நிலையங்களில் இந்த இடைவெளி இன்னும் கடுமையாகத் தெரியும். ஜப்பானில் டெப்கோ நிறுவனத்தின் காஷிவாசாகி-காரிவா நிலையத்தில் ஏழு அணுஉலைகள், மொத்தம் 8,212 மெகாவாட். நிறுவுதிறன்படி உலகின் மிகப் பெரிய அணுமின் நிலையம் என்றே எல்லாப் பட்டியலிலும் அது இடம்பெறும். புகுஷிமா விபத்துக்குப் பின், 2012 மார்ச்சில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த உலையும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கிருந்து ஒரு யூனிட்கூட வெளியே போகவில்லை, பட்டியலில் அதன் இடமோ மாறவே இல்லை.

பிரான்சின் இடிஎஃப் நிறுவனத்தைக் கட்டுரையாளர் மிகவும் பாராட்டியிருக்கிறார். பாராட்டத் தகுந்ததுதான். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஒரே மாதிரியான வடிவமைப்பில் வரிசையாக அணுஉலைகளைக் கட்டி, நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை அணுசக்தியிலிருந்து எடுத்த சாதனை வேறெங்கும் இல்லை. ஆனால் ஒரே மாதிரி கட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. 2021 இறுதியில் சிவோ நிலையத்தில் அவசரக் குளிர்விப்புக் குழாய்களின் பற்றவைப்பு இணைப்புகளுக்கு அருகே நுண்ணிய அரிப்பு விரிசல்கள் கண்டறியப்பட்டன. ஒன்றில் கண்டது, அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றவற்றிலும் இருக்கக்கூடும் அல்லவா? எனவே ஒவ்வொன்றாக நிறுத்திப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. கொரோனா காலத்தில் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்புப் பணிகளும் அதனுடன் சேர்ந்துகொள்ள, 2022 ஆகஸ்டில் 56 அணுஉலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஓடாமல் நின்றன. முந்தைய ஆண்டில் 36,000 கோடி யூனிட்டாக இருந்த அணுமின் உற்பத்தி அந்த ஆண்டு சுமார் 27,900 கோடி யூனிட்டாகச் சரிந்தது. நெடுங்காலமாக அண்டை நாடுகளுக்கு மின்சாரம் விற்றுவந்த பிரான்ஸ், அந்த ஆண்டு விற்றதைவிட அதிகமாக வாங்கியது. 61,000 மெகாவாட் என்ற நிறுவுதிறன் மட்டும் காகிதத்தில் அப்படியே இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கதை நெடியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 45,000 மெகாவாட்டுக்கும் அதிகமான நிறுவுதிறன் இருந்தும், பழைய நிலக்கரி நிலையங்களின் அடுக்கடுக்கான பழுதுகளால் 2023இல் அதில் ஏறக்குறைய 55 சதவீதம்தான் பயன்பாட்டுக்குக் கிடைத்தது. மக்கள் வரலாறு காணாத மின்வெட்டைச் சந்தித்த ஆண்டு அது.

குறைந்த சதவீதம் என்றாலே நிர்வாகக் கோளாறு என்று வாசகர் எடுத்துக்கொள்ளவும் கூடாது. சூரிய மின் நிலையம் இரவில் ஓடாது. ஆயிரம் மெகாவாட் சூரிய மின் நிலையம் இருபது சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 175 கோடி யூனிட் தரும். அதே ஆயிரம் மெகாவாட் அணுமின் நிலையம் தொண்ணூறு சதவீதத்தில் ஓடினால் ஏறக்குறைய 790 கோடி யூனிட் தரும். இரண்டையும் "ஆயிரம் மெகாவாட்" என்று ஒரே வரியில் எழுதுவதில்தான் தவறு இருக்கிறது. அதேபோல, மாலை உச்ச நேரத்துக்கு மட்டும் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் எரிவாயு டர்பைன் ஆண்டில் சில நூறு மணி நேரமே ஓடினாலும் தன் கடமையைச் செய்ததாகவே பொருள்.

எந்த எரிபொருள் என்ற கேள்வியோடு எத்தனை நேரத்தில் என்ற கேள்வியும் இங்கே சேர்ந்துவிடுகிறது. கட்டுரையில் இது ஒரு வரியில் கடந்து போய்விட்டது. நிலக்கரி நிலையத்தின் அலகு ஒன்றை, அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த தொகுதியை, நிறுத்தினால் டர்பைனை அப்படியே நிற்க விடமாட்டோம். பல டன் எடையுள்ள ரோட்டர் (டர்பைனின் சுழலும் தண்டு) சூட்டோடு அசையாமல் நின்றால் தன் எடையாலேயே வளைந்துவிடும் என்பதால், பாரிங் கியர் எனப்படும் சிறு மோட்டார் அமைப்பைக் கொண்டு அதை மணிக்கணக்கில் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்போம். முற்றிலும் ஆறிப்போன அலகை மீண்டும் எழுப்புவதும் அவசரத்தில் ஆகிற காரியமல்ல. முதலில் எண்ணெய்யை எரித்து பாய்லரைச் சூடேற்ற வேண்டும்; பிறகு நீராவியைச் சிறிது சிறிதாக டர்பைனுக்குள் விட்டு, ரோட்டரும் அதைச் சூழ்ந்த உறையும் ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமின்றி விரிகின்றனவா என்று மீட்டரிலேயே கண் வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்தைத் தொட்டு, கிரிட் எனப்படும் மின் வலையமைப்புடன் இணைத்து, முழு லோடு எடுக்கும் முன் ஒரு ஷிப்ட் போய்விடும். நீர்மின் டர்பைனோ சில நிமிடங்களில் முழு லோடுக்கு வந்துவிடும். மாலையில் சூரியன் மறையும்போது ஒரு நிறுவனத்தின் கையில் இவற்றில் எது இருக்கிறது என்பதை நிறுவுதிறன் பட்டியல் சொல்லாது.

இன்னொரு குழப்பமும் கட்டுரையில் உண்டு. சீனாவின் ஸ்டேட் கிரிட் நிறுவனத்தை "உலகின் மிகப் பெரிய மின் உற்பத்தியாளர்களில் ஒன்று" எனக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் கொண்டு சேர்க்கும் அந்த நிறுவனத்தின் அடிப்படை வேலை மின்தடம், உற்பத்தி அல்ல. 2002இல் சீனா தன் அரசு மின் கழகத்தைப் பிரித்தபோது, மின்தடங்களை இரண்டு நிறுவனங்களிடமும் உற்பத்தியை ஐந்து நிறுவனங்களிடமும் கொடுத்தது. ஸ்டேட் கிரிட்டின் கையில் இருக்கும் நிலையங்களில் முக்கியமானவை ஃபெங்னிங் போன்ற நீரேற்று நிலையங்கள். ஃபெங்னிங்கின் திறன் 3,600 மெகாவாட், உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆனால் நீரேற்று நிலையம் கீழிருந்து நீரை மேலேற்ற நூறு யூனிட் செலவழித்து, அதைத் திரும்பக் கீழே விட்டு எழுபது எண்பது யூனிட் மட்டுமே தரும். மின்சாரத்தைச் சேமித்து வைத்து, தேவையான நேரத்தில் தருவது அதன் பயன். அதை உற்பத்திக் கணக்கில் சேர்ப்பது கணக்கையே தலைகீழாக்கிவிடும்.

இதற்கு மறுமுனையில் இருக்கிறது இந்தியாவின் என்டிபிசி. 1975இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து உற்பத்தி செய்யும் மின்சாரத்தை மாநில வினியோக நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கிறது. வீடுகளுக்கு அது பில் அனுப்புவதில்லை. ஜெர்மனியில் ஒரு காலத்தில் உற்பத்தி, வினியோகம் இரண்டையும் செய்துவந்த ஈஆன், ஆர்டபிள்யூஇ ஆகிய நிறுவனங்கள், 2018இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சொத்துக்களை மாற்றிக்கொண்டன. இன்று மின்தடமும் வாடிக்கையாளர்களும் முதலாவதிடம், உற்பத்தி இரண்டாவதிடம். இவை அனைத்தையும் ஒரே அட்டவணையில் மேலும் கீழுமாக வைத்து எதை ஒப்பிடுகிறோம்?

சொந்த உற்பத்தியையும் வாங்கிய மின்சாரத்தையும் பிரித்துக் காட்டாததும் குறையே. கனடாவின் ஹைட்ரோ-கியூபெக், முழுக்க முழுக்க நீர்மின்சாரத்தால் இயங்கும் நிறுவனம் என்று புகழ்பெற்றது. அதன் வினியோகத்தில் கணிசமான பங்கு, பக்கத்து மாகாணமான நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடாரிலுள்ள சர்ச்சில் நீர்வீழ்ச்சி நிலையத்திலிருந்து வருகிறது. 5,428 மெகாவாட் திறனுள்ள அந்நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதியை 2041 வரை மிகக் குறைந்த விலைக்கு வாங்க 1969இல் போடப்பட்ட ஒப்பந்தம் அது. அந்த விலையைப் பற்றிய மனக்கசப்பு இரு மாகாணங்களுக்கும் இடையே அரை நூற்றாண்டாக நீடித்தது. உற்பத்தி முறையைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது இடம்பெறாமல் போனது எனக்கு வருத்தமே.

அமெரிக்காவின் நெக்ஸ்ட்எரா நிறுவனத்தைக் காற்றாலை, சூரிய மின்சாரத்தில் முன்னணி நிறுவனம் என்கிறது கட்டுரை. உண்மைதான். அதே குழுமம் ஃப்ளோரிடா மக்களுக்கு நேரடியாக வினியோகிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது என்பதும் உண்மைதான். காற்றாலைகள் பிற மாநிலங்களில் இருக்கின்றன, அவற்றின் மின்சாரம் அங்குள்ளவர்களுக்கே விற்கப்படுகிறது. எனவே இது பசுமை நிறுவனமா இல்லையா என்ற கேள்விக்கு, எந்த வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஆண்டொன்றுக்கு எத்தனை கோடி யூனிட் உற்பத்தி, அதில் ஒவ்வொரு எரிபொருளின் பங்கு என்ன, வெளியிலிருந்து வாங்கியது எவ்வளவு, நிலையமே தன் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் எடுத்துக்கொண்டது போக வெளியே சென்றது எவ்வளவு என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதை அற்பமென்று தள்ளிவிட வேண்டாம். நிலக்கரி நிலையங்களில் அது பொதுவாக ஆறு முதல் எட்டு சதவீதம் வரை இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கைகளிலேயே இவ்விவரங்களில் பெரும்பகுதியைத் தருகின்றன. முதல் பக்கத்திலுள்ள நிறுவுதிறனைத் தாண்டிச் சில பக்கங்கள் புரட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்