வசந்தாவுக்கு, கால் கோடுகள் பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை, நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். "உன் கால் கோடுகளுக்கு என்ன செய்தாய்? எனக்கும் முழங்காலுக்குப் பின்னால் வலை பின்னியிருக்கிறது" என்று இரண்டே வரி எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்கு என்னிடம் ஒன்றரை வருடக் கதை இருக்கிறது.

நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கை மரத்தாலும் நரம்பு, ஊசி போட இடம் தேடினாலும் நரம்பு. நானும் மருத்துவரிடம் "நரம்பு தெரிகிறது டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நரம்பு வெளியே தெரிந்தால் நீங்கள் வேறு டாக்டரிடம் போக வேண்டும். இது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்" என்றார். சிவப்பாகவோ நீலமாகவோ சிலந்தி வலைபோலத் தெரிவது 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குச் சற்றுப் பெரியது, பச்சை கலந்த நீலத்தில் ஓடுவது, 3 மி.மீ. வரை. அதற்கும் மேலே புடைத்து நெளிந்து நிற்பதுதான் வெரிகோஸ். என் அம்மாவுக்கு இருந்தது அது. எனக்கு வந்ததில் பரம்பரைக்குப் பாதிப் பங்கு என்றால், இரண்டு பிரசவமும் முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றதும் மீதியைப் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே ஒரு தப்பைச் செய்திருந்தேன். அழகு சிகிச்சை செய்யும் ஓர் இடத்துக்குப் போனேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் லேசர் வைத்தார்கள். ரப்பர் வளையத்தை இழுத்துச் சுண்டுவதுபோல் சுரீர் சுரீர் என்றது. மூன்று மாதத்தில் கோடுகள் திரும்பிவிட்டன. கூடவே கறுப்புத் திட்டுகள் வேறு. லேசர் ஒளியை ரத்தம் மட்டும் உறிஞ்சுவதில்லையாம், தோலின் கருநிறமியும் உறிஞ்சுமாம். நிறம் அடர்ந்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட வகைதான் ஓரளவு பாதுகாப்பு. அதையும் கை தேர்ந்தவர் செய்ய வேண்டும். எனக்கு எதை வைத்தார்கள் என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. இந்தக் கோடுகளை மூட ஊசி மருந்தும் உண்டு. அந்த ஊசி நுழைய முடியாத அளவுக்கு மெல்லிய கோடுகளுக்கும், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் லேசர் நல்ல வழிதான். என் கோபமெல்லாம், பார்க்காமலே வைத்தார்களே என்பதில்தான்.

இந்த மருத்துவர் முதலில், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். என்னை நிற்க வைத்து, கெண்டைக்காலைப் பிடித்து அழுத்திவிட்டுச் சட்டென்று விட்டார். அழுத்தும்போது ரத்தம் மேலே ஏறும். விட்டதும் உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அரை வினாடிக்கு மேல் ரத்தம் கீழே திரும்பினால் அந்த வால்வு பழுது. பெரிய சிரையில் அப்படிக் கசிந்தால் முதலில் அதை உள்ளிருந்தே சூடு வைத்து மூட வேண்டும். இல்லையென்றால் மேலே உள்ள கோடுகளை எத்தனை முறை அழித்தாலும் திரும்பி வரும். எனக்குப் பெரியது நன்றாக இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஒரு நீலச் சிரைதான் அந்த வலைக்கு ரத்தம் ஊட்டிக்கொண்டிருந்தது. முதல் ஊசி அதற்கு.

ஊசி என்றதும் பயப்படாதே. முடிபோல மெல்லியது. உள்ளே போவது பாலிடோகனால் என்ற மருந்து. முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் அதைக் கண்டுபிடித்தார்களாம், அதனால் எரிச்சல் அதிகமில்லை. மருந்து ஏற ஏற, ஈரத்துணியால் பலகையைத் துடைத்ததுபோல் சிவப்புக் கோடுகள் என் கண்ணெதிரே மறைந்தன. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஐந்தே நிமிடத்தில் எறும்பு கடித்த மாதிரி வரிசையாகத் தடித்துவிட்டது! மருந்து குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது. பிறகு உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மெல்லியவை மங்க மூன்று முதல் ஆறு வாரம், பெரியவற்றுக்கு மூன்று நான்கு மாதம். எனக்கு ஆறு வார இடைவெளியில் மூன்று முறை ஆயிற்று.

உண்மையான வேதனை ஊசிக்குப் பிறகு போட்டுக்கொள்ளும் காலுறைதான், வசந்தா. காலை இறுக்கும் அந்த உறையைப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால்தான் மேலே இழுக்க முடியும். முதல் நாள் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு இருபது நிமிடம் போராடினேன். என் வீட்டுக்காரர் உதவ வந்து, சிரித்துச் சிரித்து அவராலும் ஒன்றும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து நீலச் சிரை இருந்த இடத்தில் மிளகு அளவுக்குக் கட்டிகள் தட்டுப்பட்டன. மூடிய குழாயில் சிக்கிக்கொண்ட பழைய ரத்தமாம். குத்தி எடுத்தபோது கெட்டி மையாக வந்தது. அதை எடுக்காமல் விட்டால் பழுப்புத் தழும்பு அழுத்தமாகப் படியுமாம். எடுத்தும் எனக்கு ஒரு கோடு பழுப்பாகவே இருக்கிறது. ஒரு வருடத்தில் பெரும்பாலும் மங்கிவிடும் என்கிறார். சிலருக்கு ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாக மயிரிழைபோல் மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளம்பும். புண்ணாவதும் ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைவதும் அரிது. களிம்புகளுக்குக் காசைக் கொட்டாதே. தடவிக் கரைந்ததாக யாருமில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருந்த வருடம் உனக்குக் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்ததே, அதை நீ கடிதத்தில் எழுதவேயில்லை. மருத்துவரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதையும் நீ சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையையும் முதல் வாக்கியத்திலேயே சொல். ஸ்கேன் எடுக்காமல் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதே. இதற்கிடையில் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் மகள் கமலியின் காலில் புதிதாகத் தெரிகிறது என்றாயே, அவளுக்கு ஆறாம் மாதம்தானே? அவள் இப்போது எதுவும் செய்துகொள்ளக் கூடாது. பிரசவமான சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது.

போன வாரம் என் இடது கணுக்காலருகே புதிதாக ஒரு கோடு முளைத்திருக்கிறது. மூடியதுதான் போகும், புதிதாக வருவதைத் தடுக்க வழியில்லை என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். இதை அப்படியே விட்டுவைக்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் காலுறையோடு இன்னொரு முறை மல்லுக்கட்ட என்னால் ஆகாது. உன் ஸ்கேனில் என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
சரோஜா