கடற்கரை மறுசீரமைப்பும் அரசு நிதியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு கூடியபோதெல்லாம், கடற்கரை மறுசீரமைப்புக்கென அரசு ஒதுக்கும் நிதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதிலேயே பேச்சு வந்து நின்றது. மானியம் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. முதல் தவணையைச் செலவிட்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வேலை நடக்காது. நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாத தொகையோ திரும்பிப் போய்விடக்கூடும். கடைசி வாரங்களில் ஒப்பந்ததாரர் இரவு பகலாகத் தரைக்கல் பதித்ததன் காரணம் இதுதான்.

உலாச்சாலை விளக்குக் கம்பங்களை உறுப்பினர்கள் சிலருடன் நேரில் பார்வையிட்டேன். மேலே வண்ணம் புதிதாகவே இருக்கிறது. அடித்தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளோ தொட்டாலே செதில் செதிலாக உதிர்கின்றன. உப்புக்காற்றைத் தாங்கும் துத்தநாகப் பூச்சு ஒப்பந்தத்தில் கேட்கப்பட்டிருந்ததா என வினவி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கட்டுவதற்குத்தான் மானியம், பழுதுபார்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு, அதாவது நம் வரிப்பணம். இதை எடுத்துச் சொன்னால், வருகிற பணத்தைத் தடுக்கிறோம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். தடுப்பது நம் நோக்கமன்று. திட்ட மதிப்பீட்டிலேயே பராமரிப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கக் கேட்கிறோம், அவ்வளவே.

கரை அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு பற்றிய கருத்துக்கேட்பிலும் சங்கம் கலந்துகொண்டது. கரையை ஒட்டி மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால், குறுக்கே கல் போட்டால் ஒருபுறம் மணல் சேர்ந்து மறுபுறம் கரை அரிக்கப்படும் என்பதையும், அந்த மறுபுறத்தில் குடியிருப்போரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் எழுத்துமூலம் பதிவு செய்தோம். நெதர்லாந்தின் கட்வைக் நகரில் 2015இல் முடிந்த பணியை எடுத்துக்காட்டாகக் கூறினோம். அங்கே வெள்ளத் தடுப்பு அணையை மணல்மேட்டுக்குள் மறைத்து, அதை ஒட்டி 600க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் நிலத்தடி நிறுத்தகத்தையும் அமைத்தார்கள். கரைப் பாதுகாப்பையும் நகர மேம்பாட்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிட்டதே நமக்கு வேண்டிய பாடம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பராமரிப்பு ஒதுக்கீடு கோரும் தீர்மானத்தின் வரைவு உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. திருத்தங்கள் இருப்பின் வாக்கெடுப்புக்கு முன்பாக எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்